தீனிக்கு வரும் பருந்தும் தோட்டத்துக் கூகையும்

கெடாவின் இடைநிலைப்பள்ளிகளில் விலங்குகளையும் பறவைகளையும் படம் பிடிக்கும் ஆசை நன்றாகப் பரவியிருக்கிறது. சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய் என்று எந்த ஊர்ப் பள்ளியின் புகைப்படக் கழகத்துக்குப் போனாலும் கழுத்தில் நீண்ட லென்ஸ் தொங்க இரண்டு மூன்று பிள்ளைகள் நிற்கிறார்கள். கைப்பேசி விளையாட்டிலேயே மாலைகள் கரைந்துகொண்டிருந்த பிள்ளைகள் வெயிலில் இறங்கி ஒரு பறவைக்காகக் காத்திருக்கத் துணிந்தது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் எடுத்த படங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கும்போதுதான் கவலை வருகிறது. பத்தில் எட்டுப் பேரிடம் இருப்பது ஒரே படம். லங்காவியில் தண்ணீரைத் தொட்டு எழும் செம்பருந்து, அதே கோணம், அதே நுரை.

கூட வரும் பெற்றோர் கேட்பது வேறு. "சார், இதை எந்தப் போட்டிக்கு அனுப்பலாம்? சான்றிதழ் கிடைத்தால் புறப்பாடப் புள்ளிக்கு உதவுமே." அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பீட்டில் பத்து விழுக்காடு புறப்பாடத்துக்கு என்பதால் அவர்கள் கணக்கு எனக்குப் புரிகிறது. இரண்டு மாதச் சம்பளத்தைப் போட்டு லென்ஸ் வாங்கிய தகப்பனுக்கு அதற்கொரு பலன் தெரிய வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு பிள்ளையைத் தவறான இடத்துக்கு அனுப்புகிறது. சீக்கிரம் கிடைக்கும் படம் எது, கண்ணைப் பறிக்கும் படம் எது என்று அவன் தேடத் தொடங்குகிறான். அப்படித் தேடுகிறவனுக்கு விற்பதற்கென்றே ஒரு வழி திறந்து கிடக்கிறது. கெடாவில் இருந்துகொண்டு இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்க நினைக்கும் பிள்ளைக்கு எத்தனை வழிகள் உண்டு, எதில் கால் வைக்கலாம், எதைத் தள்ள வேண்டும் என்று இங்கே எழுதுகிறேன். நான் பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். தோட்டத்தின் மேலும் நெல்வயலின் மேலும் எனக்கு இருக்கும் சார்பு இந்த எழுத்தில் தெரியும்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு கேமரா இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால், லென்ஸ் கழற்ற முடியாத, நீண்ட ஜூம் உள்ள வகையைப் பாருங்கள். நிக்கான் பி900, பி1000 போன்றவை இந்த வகை. 2018-இல் வந்த பி1000-இன் ஜூம் 125 மடங்கு. மங்கலான ஒளியில் இவை தடுமாறும், பறக்கும் பறவையைத் துரத்திப் பிடிக்காது. ஆனாலும் கிளையில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்தியின் கண்ணைத் தெளிவாகக் காட்டும். கொஞ்சம் பணம் இருந்தால் பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும் 70-300 லென்ஸும் வாங்கலாம். எல்லாரும் ஆசைப்படும் 150-600 லென்ஸ் ஏறத்தாழ இரண்டு கிலோ எடை. பதினைந்து வயதுப் பிள்ளை அதைக் கையில் ஏந்தி அரை மணி நேரம் நிற்க முடியாது. கை நடுங்கும், படம் அசையும், இரண்டாம் மாதம் லென்ஸ் அலமாரிக்குப் போகும். நம் ஊர் ஈரக்காற்றில் அலமாரியில் தூங்கும் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே எந்த லென்ஸ் வாங்கினாலும் ஈரம் உறிஞ்சும் டிரை பாக்ஸ் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். அதற்குப் பணம் இல்லையென்றால், இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள்.

கருவியைவிட நேரம் முக்கியம். 1982-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டதால் இங்கே சூரியன் எழ ஏழு மணிக்கு மேலும் ஆகும். எழுந்ததிலிருந்து ஒன்பது, ஒன்பதரை வரைதான் நல்ல ஒளி. அதற்குப் பிறகு வெயில் மேலிருந்து கொட்டி, பறவையின் முகத்தில் நிழல் விழும். மாலையில் ஐந்தரையிலிருந்து ஏழு வரை இன்னொரு வாய்ப்பு. பள்ளி நாளில் காலை ஒளி பிள்ளைக்குக் கிடைக்காது. கெடாவில் நமக்கு விடுமுறை வெள்ளியும் சனியும். இது ஒரு பெரிய வசதி, அதை இனி சொல்கிறேன்.

கூண்டு விலங்குகளிடமிருந்து தொடங்குவதைக் கேவலமாக நினைக்கும் பழக்கம் ஒன்று வந்திருக்கிறது. "சூவில் எடுத்ததா?" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். பழகுவதற்கு விலங்குக்காட்சி சாலையைப் போன்ற இடம் வேறில்லை என்பேன். சுங்கை பட்டாணியிலிருந்து நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் தெற்கே போனால் தைப்பிங் சூ. 1961-இல் தொடங்கியது, ஏரிப்பூங்காவை ஒட்டியது, பெரிய மரங்களும் தண்ணீரும் உள்ளது. பேராக்கில் வெள்ளிக்கிழமை வேலைநாள். ஆகவே கெடாப் பிள்ளை வெள்ளிக்கிழமை காலையில் அங்கே போய் இறங்கினால் கூட்டம் இருக்காது. ஒரே விலங்கின் முன் ஒரு மணி நேரம் நிற்கலாம், யாரும் தள்ளமாட்டார்கள். செபராங் ஜெயாவில் உள்ள பினாங்குப் பறவைப் பூங்கா இன்னும் பக்கம். தெலுக் பஹாங்கில் உள்ள எந்தோப்பியாவில் வண்ணத்துப்பூச்சிகள் கைக்கெட்டும் தொலைவில் உட்காரும். குளிரூட்டிய காரிலிருந்து இறங்கி நேராக உள்ளே போனால் லென்ஸில் பனி படியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வெளியே கால் மணி நேரம் கேமராவைச் சூடேற விட்டுப் பிறகு நுழையுங்கள்.

கம்பி வலையை மறைக்கத் தெரிந்துகொள்வது முதல் பாடம். தடுப்புக்கு இப்பால் நின்றபடியே லென்ஸை வலைக்கு எவ்வளவு அருகில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கொண்டுபோங்கள். எஃப் எண்ணை ஆகக் குறைவாக வையுங்கள். விலங்கு வலையைவிட்டு நன்றாகத் தள்ளிப் பின்னால் போகும்வரை காத்திருங்கள். வெயில் நேராக விழாத பக்கத்து வலையாகப் பார்த்து நில்லுங்கள். வலை கரைந்து காணாமல் போகும். இதைச் சொல்லிக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் புரியும், கைக்கு வர சில வாரம் பிடிக்கும். அந்தச் சில வாரத்தில் பிள்ளை வேறொன்றையும் கற்றுக்கொள்கிறான். புலி எழுந்திருப்பதற்கு முன் காதைத் திருப்பும். பெலிக்கன் பறப்பதற்கு முன் கழுத்தை நீட்டும். அடுத்த நொடியில் விலங்கு என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்லக் கற்பதுதான் இந்தக் கலையின் பாதி. அதைக் காட்டில் கற்க வருடங்கள் ஆகும், சூவில் மாதங்கள் போதும்.

ஒரே ஒரு நிபந்தனை. கூண்டில் எடுத்த படத்தின் கீழே கூண்டில் எடுத்தது என்று எழுத வேண்டும். இதில் சமரசமே கிடையாது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் புகழ்பெற்ற வனவிலங்குப் புகைப்படப் போட்டியில், 2009-இல் முதல் பரிசு பெற்றது இரவில் வேலிக்கதவைத் தாண்டிக் குதிக்கும் ஓநாயின் படம். அது காட்டு ஓநாய் அல்ல, பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று முடிவுசெய்து 2010 ஜனவரியில் நடுவர்கள் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். படம் எடுத்தவர் மறுத்துப் பார்த்தார், பலனில்லை. அதே போட்டியில் 2017-இல் ஒரு பிரிவில் வென்ற எறும்புதின்னிப் படமும், அதில் இருப்பது பஞ்சடைத்த உடல் என்ற முடிவுடன் 2018-இல் நீக்கப்பட்டது. அதையும் எடுத்தவர் மறுத்தார். இரண்டு படங்களும் பார்க்க அழகானவை. எங்கே, எப்படி எடுத்தது என்ற கேள்விக்கு நிற்காததால் அந்த அழகு செல்லாமல் போயிற்று.

இனி, எல்லாரும் ஓடும் அந்த வழிக்கு வருகிறேன். தீனி போட்டு வரவழைத்து எடுப்பது.

லங்காவியின் கிலிம் பகுதி அழகான சதுப்புநிலக் காடு. சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே ஆறு வளைந்து போகும். 2007-இல் யுனெஸ்கோ லங்காவியைப் புவிப்பூங்காவாக ஏற்றபோது கிலிமும் அதில் ஒரு பகுதி. அங்கே படகுச் சுற்றுலாவில் கழுகு பார்க்கும் இடம் என்று ஒன்று உண்டு. படகோட்டி கோழித்தோலையும் குடலையும் தண்ணீரில் வீசுவார். சுற்றியுள்ள மரங்களிலிருந்து செம்பருந்துகள் கூட்டமாக இறங்கும். இடையிடையே வெண்வயிற்றுக் கடற்கழுகும் வரும். தண்ணீரைத் தொட்டு, தோலைக் கவ்வி, எழும். படகுகள் வட்டமாக நிற்க, எல்லாருடைய கேமராவும் ஒரே சமயத்தில் வெடிக்கும். ஒரு மணி நேரத்தில் ஆயிரம் படம். அந்த ஆயிரத்தில் நல்லது பத்து தேறும், அந்தப் பத்தும் போன வாரம் அங்கே வந்தவரிடம் இருக்கும் பத்தே. இதற்காகத்தான் குடும்பமாகக் கோலகெடாவிலிருந்து படகேறி, ஹோட்டலில் தங்கி, லென்ஸ் வாங்கி, பிள்ளையை அனுப்புகிறார்கள்.

பறவைக்கு என்ன கேடு என்று கேட்கலாம். தின்னத்தானே கொடுக்கிறோம் என்கிறார்கள். செம்பருந்து நண்டும் மீனும் செத்த உயிரும் தின்று வாழும் பறவை. நண்டின் ஓட்டிலும் மீனின் முள்ளிலும் உள்ள சுண்ணாம்புச் சத்து குஞ்சின் எலும்புக்கு வேண்டும். கோழித்தோலில் இருப்பது கொழுப்பு. அதைத் தின்று வயிறு நிறையும், எலும்பு உரம் பெறாது. லங்காவியின் இயற்கை ஆர்வலர்கள் இதை வருடக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். கழுகைக் காட்டுவதற்காகப் படகுகள் இயந்திரத்தை முடுக்கித் தண்ணீரைக் கலக்குவதால் கரை மண் அரித்து, சதுப்புமரங்களின் வேர் வெளியே தெரிகிறது. தீனிக்குப் பழகிய பறவைகள் நேரத்துக்குப் படகை எதிர்பார்த்துக் கிளையில் உட்கார்ந்திருக்கின்றன. தன் குஞ்சுக்கு வேட்டையாடிக் காட்ட வேண்டிய பறவை படகுக்குக் காத்திருக்கிறது. அதன் குஞ்சும் படகுக்குக் காத்திருக்கவே கற்கும்.

பறவையை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தாலும் இந்த வழி ஏமாற்று. ஒரு நல்ல வனவிலங்குப் படத்தில் அந்த விலங்கின் வாழ்க்கை தெரிய வேண்டும். அது எதைத் தேடுகிறது, எதற்குப் பயப்படுகிறது, எந்த மரத்தை நம்புகிறது என்று ஏதாவது ஒன்று அதில் இருக்க வேண்டும். கிலிம் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நகத்தில் வெள்ளையாக ஒரு கோழித்தோல் தொங்கும். அந்தப் படம் சொல்வது படகோட்டியின் வாழ்க்கையை. அனுபவமுள்ள நடுவர் ஒருவர் அதைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுவார். ஆகவே பெற்றோர் எதிர்பார்க்கும் சான்றிதழும் இந்த வழியில் எளிதில் வராது.

கிலிமைப் போலவே இன்னொன்றும் இப்போது பரவுகிறது. செட்டப் என்றே அதற்குப் பெயர். காட்டோரத்தில் பாசி படிந்த கட்டை ஒன்றை வைத்து, அதில் செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய தீனிப்புழுவை வைத்து, எதிரே துணிக்கூடாரத்தில் ஒளிந்து உட்காருவது. ஆறுமணிக்குருவிகள் இதற்கு அகப்படும். நம் வட்டாரத்தில் காணும் ஆறுமணிக்குருவிகள் பச்சையும் நீலமும் சிவப்பும் கலந்த அழகிகள், தரையில் இலைச்சருகைக் கிளறிப் பூச்சி தேடுபவை, கண்ணுக்கு எளிதில் படாதவை. அந்த அருமையே அவற்றுக்கு எதிரியாகிவிட்டது. புழு வைத்தால் வரும், பாசிக்கட்டையில் நிற்கும், பின்னால் பச்சை மங்கலாக இருக்கும். இருக்கைக்கு இவ்வளவு வெள்ளி என்று வசூலித்து நடத்துகிறவர்களும் உண்டு. நாள்தோறும் ஒரே இடத்தில் தீனி கிடைத்தால் அந்தப் பறவை வேறு எங்கும் போகாது. பாம்புக்கும் பூனைக்கும் அந்த இடம் தெரிந்துவிடும். கூடு கட்டும் காலத்தில் இன்னொரு ஆணின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அழைப்பது இதைவிடக் கொடுமை. தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று எண்ணி அந்தச் சிறிய பறவை கூட்டை விட்டுப் பாய்ந்து வரும். இல்லாத எதிரியைத் தேடி அலையும். அந்த நேரமும் வலுவும் அதன் குஞ்சுகளிடமிருந்து பறித்தவை. உயிருள்ள இரையை வைத்து எடுத்த படங்களைப் பெரிய போட்டிகள் விதிமுறையிலேயே தடுக்கின்றன.

ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், நம் பிள்ளைகள் தொடங்கும்போதே இந்த வழியில் தொடங்குகிறார்கள். முதல் மாதத்திலேயே பறக்கும் கழுகும் பாசிக்கட்டை மேல் ஆறுமணிக்குருவியும் கிடைத்துவிட்டால் பிறகு அவன் எதற்குக் காத்திருப்பான்? வீட்டுக்குப் பின்னால் கத்தும் செம்போத்து அவனுக்குச் சாதாரணமாகிவிடும். உண்ணிக்கொக்கு பறவையாகவே தெரியாது. அரிய பறவை எது, யாரிடம் இல்லாதது எது என்று ஒரு பட்டியல் மனத்தில் ஏறிவிடும். அந்தப் பட்டியலில் எல்லாம் கோடு போட்டு முடித்த பிறகு கேமராவை விற்றுவிட்டு வேறு பொழுதுபோக்குக்குப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்குத் திறமை இல்லாமலில்லை. பறவையோடு அவர்களுக்கு உறவு உண்டாக யாரும் நேரம் கொடுக்கவில்லை.

சரி, எங்கே போவது? முதலில் நெல்வயல். கெடாவை நெற்களஞ்சியம் என்று பாடநூலில் படிக்கிறோம். பிள்ளைகள் அதைக் காரில் கடந்து போவதோடு சரி. மூடா, பெடு அணைகளின் நீரால் 1970 வாக்கிலிருந்து வருடத்துக்கு இரண்டு போகம் விளையத் தொடங்கியது. அதனால் இங்கே வயல் வருடம் முழுக்க ஏதாவது ஒரு நிலையில் இருக்கும். உழவு, தண்ணீர் கட்டு, நாற்று, பச்சை, அறுவடை, தாள் என்று ஒவ்வொரு நிலைக்கும் வேறு வேறு பறவைகள். டிராக்டர் உழும்போது பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் வரிசையாகப் போகும். தண்ணீர் கட்டிய வயலில் நத்தைக்குத்தி நாரைகள் நிற்கும். என் சிறு வயதில் கெடாவில் இந்த நாரையை யாரும் பார்த்ததில்லை. சில ஆண்டுகளாக வடக்கிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து சேர்கின்றன. தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் நாற்றை அழிக்கும் சிப்புட் கொண்டாங் என்ற நத்தை இவற்றுக்கு விருந்து. வளைந்து நடுவில் இடைவெளி விட்ட அலகால் நத்தையின் சதையை வெட்டி எடுக்கும் அந்த ஒரு செயலைத் தெளிவாகப் படமாக்கிவிட்டால், அதற்குள் நம் மாநிலத்தின் விவசாயக் கதையே அடங்கியிருக்கும். அதற்குப் படகுக் கட்டணம் கிடையாது.

சுங்கை பட்டாணியிலிருந்து குருண் வழியாகப் பழைய சாலையில் வடக்கே போங்கள். குவார் செம்பெடாக், யான், கோத்தா சாராங் செமுட் பக்கம் வயல்களுக்கு நடுவே வாய்க்கால் கரைச் சாலைகள் பிரியும். யான் பக்கத்தில் நின்றால் பின்னணியில் குனோங் ஜெராய் முழுதாகத் தெரியும். காரை விட்டு இறங்காதீர்கள். மனிதன் நடந்து வந்தால் பறக்கும் பறவை கார் வந்தால் நிற்கும். எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, சன்னலில் அரிசி நிரப்பிய துணிப்பை ஒன்றைப் போட்டு அதன் மேல் லென்ஸை வையுங்கள். இரண்டு கிலோ லென்ஸுக்கும் அது போதும். கரைச் சாலை உழவருடையது, டிராக்டர் வந்தால் உடனே ஒதுங்கி வழிவிட வேண்டும். செப்டம்பருக்குப் பிறகு வடக்கத்திப் பறவைகள் வந்து சேரும். பூனைப்பருந்து வயலுக்கு மேல் தாழ்ந்து சறுக்கிப் போவதைப் பார்க்கலாம், ஏப்ரல் வரை இருக்கும். பஞ்சுருட்டான் மின்கம்பியிலிருந்து பாய்ந்து தும்பியைப் பிடித்து, திரும்பி அதே கம்பிக்கு வரும். பறக்கும் பறவையைப் பிடிக்கப் பழக இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது, அது எங்கே திரும்பி வரும் என்று உங்களுக்கு முன்பே தெரியும். ஷட்டரை ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் வேகமாக வைத்து, அந்தக் கம்பியிலேயே கண்ணை வையுங்கள். வாய்க்கால் ஓரத்து மரங்களில் தூக்கணாங்குருவி கூடு பின்னும் காலத்தில் ஒரு கூட்டை முதல் நாரிலிருந்து கடைசி நார் வரை தொடர்ந்து எடுத்தால் ஒரு பிள்ளைக்கு அது ஒரு பருவத்து வேலை. கூட்டுக்கு அருகில் போகாமல், கிளையை விலக்காமல் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, தோட்டம். என் மனம் இங்கேதான் நிற்கும். ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு தோட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் அதிகம். செம்பனைக்குள் எலி பெருகியது. எலி பழத்தைக் கடித்து நாசம் செய்ததால், நஞ்சுக்குப் பதிலாகக் கூகையை வளர்க்கும் பழக்கம் மலேசியத் தோட்டங்களில் பரவியது. கம்பத்தின் உச்சியில் மரப்பெட்டி வைத்தால் கூகை வந்து குடியேறும். மலாய்க்காரர்கள் இதைப் புங்குக் ஜெலாப்பாங் என்பார்கள். இதய வடிவத்தில் வெள்ளை முகம், வெளிர்பொன் முதுகு, ஓசையே எழாத சிறகு. இதன் குரலைக் கேட்டால் சாவு வரும் என்று லயத்தில் பெரியவர்கள் கல்லெறிந்து விரட்டியதைப் பார்த்திருக்கிறேன். இன்று அதே பறவை தோட்டத்தின் பழத்தைக் காக்கும் காவல்காரன். நம்மவர்களின் அந்தப் பழைய பயத்தையும் இன்றைய பயனையும் ஒரே படத்தொகுப்பில் காட்ட ஒரு தோட்டத்துப் பிள்ளையால்தான் முடியும்.

இதற்கு முதலில் வேண்டியது தோட்ட நிர்வாகத்தின் அனுமதி. உறவினர் யாராவது கிராணியாகவோ மண்டோராகவோ இருந்தால் அவர் மூலம் கேளுங்கள், எழுத்து மூலம் கேட்பது இன்னும் நல்லது. அனுமதியில்லாமல் செம்பனைக்குள் நுழைந்தால் பழம் திருட வந்தவன் என்று பிடிப்பார்கள். பகலில் போய்ப் பெட்டிக்குக் கீழே தரையைப் பாருங்கள். கரும் உருண்டைகள் கிடந்தால் கூகை குடியிருக்கிறது. அந்த உருண்டைகளில் எலியின் மண்டையோடும் எலும்பும் முடியும் அப்படியே இருக்கும், அவையும் படத்துக்குரியவை. மாலை ஏழு மணிக்கு மேல், ஒளி முழுதாக மறைவதற்கு முன் ஒரு கால் மணி நேரம் பறவை பெட்டியின் வாசலுக்கு வந்து நிற்கும். அந்தக் கால் மணி நேரம்தான் உங்கள் நேரம். ஃபிளாஷ் போடாதீர்கள். இருட்டில் வேட்டையாடும் கண்ணுக்கு முன் ஃபிளாஷ் வெடித்தால் அது சற்று நேரம் பார்க்க முடியாமல் தடுமாறும். உயரமான பூட்ஸ் அணிந்து போங்கள். எலி இருக்கும் இடத்தில் நாகமும் மலைப்பாம்பும் இருக்கும். கூட ஒரு பெரியவர் இருக்க வேண்டும், கூகை வந்ததும் இருட்டிவிடும் என்பதால் திரும்பும் வழியைப் பகலிலேயே பார்த்து வையுங்கள்.

தோட்டத்தில் கூகை மட்டுமா? வாய்க்காலில் உடும்பு, வேலியில் ஓணான், பப்பாளிப் பூவில் தேன்சிட்டு, கோயில் மரத்தில் குரங்குக் கூட்டம். தமானில் இருக்கும் பிள்ளைக்கும் பின்வாசல் உண்டு. குதிக்கும் சிலந்தியை எடுக்கக் கைப்பேசியில் மாட்டும் சிறு லென்ஸே போதும்.

சதுப்புக்காட்டுப் படம்தான் வேண்டும் என்றால் மெர்போக் ஆறு இருக்கிறது. தீனி வீசாத படகுக்காரரைக் கேட்டு, நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். நண்டு வெளியே வரும், மீன்கொத்தி பின்னாலேயே வரும். உலு மூடா பெரிய காடு. யானையும் இருவாச்சியும் உப்பு ஊற்றுகளும் உள்ளது. அனுமதி, படகு, வழிகாட்டி, தங்குமிடம் எல்லாம் வேண்டும். காட்டுக்குள் ஒளி குறைவு, அட்டை உண்டு, யானையை எதிர்பார்த்துப் போனவர் தடம் மட்டும் பார்த்துத் திரும்புவது வழக்கம். பள்ளி முடித்த பிறகு போகலாம்.

யாருக்கு எது பொருந்தும் என்பது பிள்ளையின் குணத்தைப் பொறுத்தது. ஒரே இடத்தில் உட்காரப் பிடித்தவனுக்குக் கூகைப் பெட்டியும் தூக்கணாங்கூடும். ஓட்டமும் வேகமும் பிடித்தவனுக்கு வயல். நுணுக்கமாகப் பார்க்கிறவளுக்குப் பூச்சி. மனிதர்களோடு பழகப் பிடித்தவளுக்குச் சூ. அங்கே விலங்கைப் பராமரிப்பவரிடம் பேசினால் எந்த நேரம் எது எழும் என்று சொல்வார். தகப்பனுக்குப் பிடித்தது, நண்பனிடம் இருப்பது, யூடியூபில் வந்தது என்று எதையும் எடுத்துப் பிள்ளையின் மேல் போடாதீர்கள். பொறுமை பிறவியில் வருவதில்லை. பிடித்த ஒன்றுக்காகக் காத்திருந்து காத்திருந்துதான் அது வளரும். பிடிக்காததற்காகக் காத்திருக்க வைத்தால் வெறுப்புத்தான் வளரும்.

நம் மொழியில் எழுதிய மா. கிருஷ்ணனை (1912–1996) இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். முதுமலைக் காட்டில் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே கட்டிய கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் வைத்து, அதைத்தான் தூக்கிக்கொண்டு அலைந்தார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' ஏட்டில் 1950 முதல் இறக்கும் வரை இயற்கையைப் பற்றி இடைவிடாமல் எழுதினார். யானையோடு நிற்காமல் வீட்டைச் சுற்றியுள்ள எளிய உயிர்களையும் அதே அக்கறையோடு எழுதியவர் அவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். பள்ளி நூலகத்துக்கு ஒரு பிரதி வாங்கிப் போடுங்கள். லென்ஸ் வாங்குவதற்கு முன் பிள்ளை அதைப் படிக்கட்டும்.

புறப்பாடப் புள்ளி வேண்டும் என்றால் அதற்கும் நேரான வழி உண்டு. 1940-இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகத்துக்குக் கெடாவிலும் கிளை இருக்கிறது. பிள்ளையை அதில் சேர்த்துவிட்டு, ஒரு வயலை அல்லது ஒரு தோட்டத்தை ஒரு வருடம் தொடர்ந்து எடுத்து, தேதியும் இடமும் நேரமும் பறவை செய்துகொண்டிருந்த வேலையும் குறித்த தொகுப்பு ஒன்றைப் பள்ளியில் காட்சிக்கு வைக்கச் சொல்லுங்கள். தலைமையாசிரியர் மறுக்கமாட்டார். வருடம் முழுக்கத் தேதியிட்ட நூறு படங்களைப் பார்த்தால் நேர்காணலில் கேட்கிறவருக்கும் கேள்வி பிறக்கும், பிள்ளைக்கும் பதில் சொல்ல விஷயம் இருக்கும்.

லென்ஸை இப்போதே வாங்க வேண்டாம். வீட்டில் இருக்கும் எதையாவது கொடுத்து மூன்று மாதம் பாருங்கள். அந்த மூன்று மாதமும் வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு எழுந்து காரை எடுத்து வயல் கரையில் கொண்டுபோய் நிறுத்துவது தகப்பன் வேலை. முன்னிருக்கையில் பேசாமல் உட்கார்ந்திருங்கள், கைப்பேசியை அணைத்து வையுங்கள், "எடுத்தாயா, எடுத்தாயா" என்று கேட்காதீர்கள். மூன்று மாதம் கழித்தும் பிள்ளை உங்களுக்கு முன்பே எழுந்து வாசலில் நின்றால் அப்போது கடைக்குப் போய் 150-600 விலை கேளுங்கள், பழையதாகவே பார்த்து.